இருசம்மா கூட்டிட்டுப் போன பிக்னிக்கு

எனக்குப் பேத்தி பொறந்து இன்னியோட பத்தொன்பது நாளு. மூக்கு எங்க பக்கம், பிடிவாதம் சம்மந்தியம்மா பக்கம். பாலுக்கு அழுதான்னா மலாக்கா கடக்கரை வரைக்கும் கேக்கும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்போட நின்னவன். வேன் ஓட்டத் தெரியும், எழுத்து கொஞ்சம் கோணலாத்தான் வரும், பொறுத்துக்குங்க. ஆனா எங்க சம்மந்தியம்மா இருசம்மாளப் பத்தி நான் எழுதாட்டி வேற யாரு எழுதப் போறா? அது வாயால ஒண்ணும் சொல்லாது. அன்னிக்கு வேன் ஓட்டுனது நான். கூடவே இருந்து பாத்ததும் நான்தான்.

ஐம்பத்தி ரெண்டாம் வருசம். அவசர காலம் ரொம்ப மோசமா இருந்த நேரம். தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயத்தயெல்லாம் முள்ளுக்கம்பி போட்டு அடச்சு வச்சிருந்தாங்க. கேட்டுல துப்பாக்கியோட காவல். சர்க்கார எதுத்துச் சண்ட போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள இருக்குற கம்யூனிஸ்டுங்க கைக்கு சாப்பாடு போயிரக்கூடாதுன்னு அப்படி ஒரு கெடுபிடி.

மலாக்கா டவுன்ல கடலப் பாத்தாப்புல ஒரு பெரிய ஓட்டல். வெள்ளத் தூணு, மேல காத்தாடி, கீழ பளிங்குத் தர. தொரமாருங்களும் மேமுங்களும் சிங்கப்பூர்லேருந்து, கப்பல்லேருந்து வந்து எறங்குவாங்க. நான் அங்க டிரைவர். இருசம்மா தர தொடைக்கிற வேல. அப்ப அதுக்கு முப்பத்தி நாலு வயசு இருக்கும். புருசன் காச்சல்ல போயிட்டாரு. புக்கிட் காத்தில் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துல பதினேழு வருசம் பால் மரம் வெட்டுனது, அதாவது தோலக் கீறிப் பால் எறக்குற வேல. ஒரே மக கமலவேணி, படிப்புல கெட்டிக்காரி. அவள டவுன் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு கத்தியக் கீழ வச்சுட்டு வந்துருச்சு. ஓட்டல் பின்னாடி துணி தொவைக்கிற எடத்த ஒட்டி ஒரு ரூம்பு குடுத்திருந்தாங்க. வேல இருக்குற வரைக்கும் ரூம்பு.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்துச்சு. வர்ற விருந்தாளிங்க ஒரு வாரம் தங்குறேன்னு வருவாங்க, ரெண்டாம் நாளே பொட்டியக் கட்டிருவாங்க. குத்தம் சொல்ல முடியாது. ரோட்டுல எப்ப எங்க சுடுவான்னு தெரியாது, டவுன விட்டு வெளியே விட மாட்டாங்க. நாள் பூரா வராந்தாவுல உக்காந்து சீட்டு, விஸ்கி, மறுபடியும் சீட்டு. கடல எவ்வளவு நேரம்தான் பாக்குறது?

ஓட்டல்ல கணக்கு வழக்கு எழுதுற பெரிய கிராணி கனகரட்ணம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரரு. வெள்ளக் காச்சட்ட, கழுத்து வரைக்கும் பட்டன், நல்ல மனுசன், ஆனா ரொம்பப் படிச்சவரு. அவருதான் விருந்தாளிங்கள டவுன் நடுவுல மலைமேல இருக்குற இடிஞ்ச மாதாகோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. நோட்டுப் பொஸ்தகத்தத் தொறந்து எந்த வருசம் எந்த ராசா வந்தான்னு வாசிப்பாரு. மூணாவது ராசா வர்றதுக்குள்ள மேமுங்க கொட்டாவி விட ஆரம்பிச்சிரும்.

ஒரு நாள் ஆறு பேரு வந்தாங்க, நாலு தொர, ரெண்டு மேம். மேனேஜர் தொர எங்களயெல்லாம் கூப்பிட்டு, "இவங்களும் ரெண்டாம் நாளே போனா, மாசக் கடைசில பின்னாடி வேல செய்யுற நாலு பேர நிப்பாட்டணும், வேற வழி இல்ல"ன்னு சொல்லிட்டாரு. கடைசியா சேந்தவங்கதான் மொதல்ல போகணும். கடைசியா சேந்தது இருசம்மா.

அன்னிக்கு சாயங்காலம் வாளியக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருந்துச்சு.

"அண்ணே, கமலாவுக்குப் பரிட்ச இன்னும் ரெண்டு மாசம்தான். ரூம்பு போச்சுன்னா திரும்ப கம்பிக்குள்ளதான். அங்க போனா அவ கையிலயும் கத்தியக் குடுத்துருவாங்க."

"பாப்போம் தங்கச்சி"ன்னேன். வேற என்னத்தச் சொல்றது?

மறுநாள் காலைல வராந்தாவ தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. வயசான மேம் ஒண்ணு, சிங்கப்பூர்ல ரொம்ப வருசம் இருந்தது, சந்தையில பேசுற பாசார் மலாய் நல்லாப் பேசும். அது தன் கூட்டாளிகிட்ட கொறப்பட்டுக்கிட்டே திரும்பி, இருசம்மாகிட்ட மலாய்ல கேட்டுச்சு. "ரயில்ல போறப்ப வர்றப்பல்லாம் வழி பூரா ரப்பர் மரம். இருவது வருசமா பாக்குறேன். ஒரு மரத்தயாச்சும் யாரும் தொட விட்டதில்ல. உனக்குத் தெரியுமா அதப் பத்தி?"

இருசம்மா துணியப் புழிஞ்சு வாளில போட்டுட்டு எந்திரிச்சு நின்னுச்சு. "எனக்குத் தெரியாம யாருக்கு மேம் தெரியும்? என்கூட வாங்க, உங்க கையாலயே வெட்ட வைக்கிறேன்."

அவ்வளவுதான். அந்த மேம் நேரா மேனேஜர் ரூம்புக்குப் போயிருச்சு. மேனேஜர், இருசம்மா முன்னால வேல செஞ்ச தோட்டத்துத் தொரைக்குப் போன் போட்டாரு. மத்தியானத்துக்குள்ள ஆறு பேருக்கும் பாஸ் வந்துருச்சு. காலைல போயி நாலு மணிக்குள்ள திரும்பிடணும். தொணைக்கு கனகரட்ணம் ஐயா. "தொடைக்கிறவ கூட்டிட்டுப் போறாவாம், நான் கூடை தூக்கவாம். கலிகாலம்"ன்னு மொணங்குனாரு.

காலைல குசினில சாப்பாட்டுக் கூடைய கட்டுனது இருசம்மா. ரொட்டி, ஜாம், அப்பறம் டின்னுங்க. பீச் பழம், சாடின் மீனு, இனிப்புப் பால், எல்லாம் சேத்து பதினாலு. கூடைய கனகரட்ணம் ஐயா மடியில வச்சு வேன் கெளம்புச்சு.

புக்கிட் காத்தில் திருப்பம் தாண்டியிருப்போம், பின்னாடிலேருந்து ஒரு கத்து.

"ஐயோ! இதென்ன ஈரம்?"

கண்ணாடில பாத்தேன். பீச் பழச் சாறு கூடை வழியா ஒழுகி, ஐயாவோட வெள்ளக் காச்சட்ட தொடையிலேருந்து முட்டி வரைக்கும் மஞ்சளா நனஞ்சு போச்சு. அதுக்கு மேல சாடின் எண்ணெ வேற. ஒரு டின்ன எடுத்துத் திருப்பிப் பாக்குறாரு, மூடியில ஓட்ட. இன்னொண்ணு, ஓட்ட. பதினாலுலயும் ஓட்ட.

"இதுக்கு ஓட்டை போட்டது ஆர்?"

இருசம்மா மொகம் வெளுத்துப் போச்சு. "நான்தான் ஐயா. கூடையில வைக்கிறப்பவே ஐஸ் குத்துற ஊசியால குத்திக் குத்தி வச்சுட்டேன். கை பழக்கம் ஐயா. ஓட்ட போடாம ஒரு டின்னக்கூட நான் தூக்கிப் பழகல."

தோட்டத்துக் கடையில டின்னு வாங்குனா, கடக்காரரு ஆணிய வச்சு ஓட்ட போட்டுத்தான் கையில குடுப்பாரு. ஓட்ட போட்டா மறுநாளே கெட்டுரும், பதுக்கி வச்சு காட்டுக்குக் குடுக்க முடியாது. டவுன்ல இருக்குறவங்களுக்கு அது தெரியாது.

"நீ கெடுத்தாய் பிள்ளை! எல்லாத்தையும் கெடுத்தாய்!" ஐயாவுக்கு அழுகையே வந்துருச்சு. "விருந்தாளியள் சாப்பாடில்லாமல் திரும்பினால் என்னை அல்லவோ கேட்பினம்? துரையிட்ட நான் என்னத்தைக் கதைக்கிறது?"

இருசம்மா சேல நுனியால கூடையத் தொடச்சுக்கிட்டே இருந்துச்சு. ரூம்பு போச்சு, பரிட்ச போச்சுன்னு அது நெனைக்கிறது எனக்குப் பின்மண்டையிலயே தெரிஞ்சுச்சு. வயசான மேமுக்கு மட்டும் சிரிப்ப அடக்க முடியல.

தோட்டத்து கேட்டு வந்துருச்சு. எங்களுக்கு முன்னாடி ஒரு பளபளப்பான காரு. அதுல வேற எங்கேருந்தோ பிக்னிக்கு வந்த தொரமாருங்க. கேட்டுல நின்ன மலாய்க்காரக் காவலுக்கு இருவத்தஞ்சு வயசுகூட இருக்காது. கார் டிக்கியத் தொறந்து ஒவ்வொரு டின்னா திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஓட்ட இல்ல. உள்ள விட முடியாது."

ஒரு தொர கத்துறாரு, நான் யாரு தெரியுமான்னு கேக்குறாரு. காவல் அசையல. "ராஜாவே வந்தாலும் ஓட்ட வேணும் துவான்." காரு ரிவர்ஸ் எடுத்து, புழுதியக் கெளப்பிக்கிட்டுத் திரும்பிப் போயிருச்சு.

அடுத்தது நாங்க. காவல் கூடையத் தொறந்தாரு. ஒரு டின்னத் தூக்குனாரு, ஓட்ட. அடுத்தது, ஓட்ட. பதினாலயும் பாத்து முடிச்சுட்டு, ஐயாவோட மஞ்சக் காச்சட்டயயும் ஒரு தடவ பாத்தாரு.

"இத யாரு செஞ்சது?"

இருசம்மா மெதுவா கைய தூக்குச்சு. அப்பத்தான் அவருக்கு அடையாளம் தெரிஞ்சுச்சு. "ஓ, அக்கா இருசம்மாவா! அதான பாத்தேன். டவுன்காரங்களுக்கு இந்த மூள ஏதுலா?" ரொட்டியயும் ஜாமயும் மட்டும் எடுத்து வச்சுக்கிட்டாரு, அதுங்க உள்ள போகக் கூடாதாம், திரும்புறப்ப வாங்கிக்கணுமாம். கேட்டத் தொறந்து விட்டாரு.

நான் கியரப் போட்டேன். பின்னாடி கனகரட்ணம் ஐயா தொண்டயக் கனச்சாரு. "இருசம்மா."

"ஐயா?"

"அந்தக் கூடையை... நானே வைச்சிருக்கிறன்."

உள்ள போனதும் இருசம்மா ஆளே வேற. தல நிமுந்துருச்சு. ஓட்ட போட்ட சாப்பாடு நிக்காது, மொதல்ல சாப்பிடுங்கன்னு பால் நிறுக்குற கொட்டகையில உக்கார வச்சுருச்சு. காலைல ஒம்பது மணிக்கு, தட்டு இல்லாம, வாழ எலயில, கையால சாடினும் பீச் பழமும். மரம் வெட்டி முடிச்சு வந்த பொம்பளைங்களும் சேந்து உக்காந்தாங்க. பெரியநாயகின்னு ஒரு அக்கா, வயசான மேமப் பாத்து, "ஏம்மா, வெரலயும் சேத்துக் கடிச்சிராத"ன்னுச்சு. இருசம்மா மலாய்ல சொன்னதும் அந்த மேம் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

அப்பறம் மரம். மேம் கையில கத்தியக் குடுத்து, மேல தன் கைய வச்சு, "அமுக்காத. தோல மட்டும் தொடு. கொழந்தைக்கு நகம் வெட்டுற மாதிரி"ன்னு சொல்லிக் குடுத்துச்சு. மேம் இழுத்துச்சு பாரு ஒரு இழுப்பு, மரத்துல பாதி வந்துருச்சு.

ஆளுங்கள வேல வாங்குற மண்டோர் வீரப்பன் ஓடி வந்தாரு. "ஏ இருசு! மரத்தக் கொல்றாங்கடி! தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"மாமா, வாயச் சாத்துங்க. இது அடுத்த மாசம் சாய்க்கப் போற கெழட்டு வரிச. நான் என்ன, நல்ல மரத்தக் காட்ட இளிச்சவாயா?"

மண்டோர் அந்த வரிசய ஒரு தடவ பாத்தாரு. போயி தள்ளி நின்னு பீடியப் பத்த வச்சாரு.

அஞ்சாவது மரத்துல மேமுக்குக் கை வந்துருச்சு. வெள்ளப் பால் கோடு புடிச்சு எறங்கி மரத்துல மாட்டுன மங்குக் கிண்ணத்துல சொட்டுனப்ப, அது கத்தியத் தூக்கிக்கிட்டு குதிச்சுச்சு. அறுவது வயசு மனுசி! குண்டுத் தொர ஒருத்தரு, காண்டாக் கம்புல ரெண்டு வாளியத் தொங்கவிட்டுத் தோள்ல தூக்கிப் பாக்கணும்னாரு. நாலு அடி எடுத்து வச்சாரு, முன் வாளி ஒரு பக்கம், பின் வாளி ஒரு பக்கம், மனுசன் நடுவுல பம்பரம். பால் பூரா காச்சட்டயில. கனகரட்ணம் ஐயா தன் காச்சட்டயயும் அவரு காச்சட்டயயும் பாத்துட்டு, அன்னிக்குத்தான் மொத மொதல்ல சத்தம் போட்டு சிரிச்சாரு. மூணாவது தடவ குண்டுத் தொர ஒரு சொட்டு சிந்தாம கொட்டகை வரைக்கும் கொண்டு போயி எறக்குனாரு. பொம்பளைங்கல்லாம் கைதட்டுனாங்க. நானும் ஹாரன் அடிச்சேன்.

மூணு மணிக்குக் கெளம்பிட்டோம். கேட்டுல ரொட்டியக் கேட்டா, ரொட்டி இல்ல. காவலுக்கு மீசையில ஜாம்.

மறுநாள் காலைல ஆறு பேரும் மேனேஜர் மேச முன்னால நிக்கிறாங்க. போச்சு, பொட்டியக் கட்டப் போறாங்கன்னு நெனச்சேன். இல்ல. திரும்பிப் போற எங்க கப்பல் டிக்கெட்டத் தள்ளிப் போடுங்க, பத்து நாள் இருக்கோம், அந்த அம்மா அடுத்து எங்க கூட்டிட்டுப் போகும்னு கேக்குறாங்க!

மேனேஜர் தொர இருசம்மாவக் கூப்பிட்டு விட்டாரு. அது தொடைக்கிற துணியோடவே போயி நின்னுச்சு. மொழிபேர்க்க கனகரட்ணம் ஐயா. கதவோரம் நான்.

"உனக்கு என்ன வேணும்?"னு தொர கேட்டாரு.

"என் மக பரிட்ச முடியுற வரைக்கும் அந்த ரூம்பு வேணும் தொர."

ஐயா இங்கிலீசுல சொன்னாரு. தொர சொன்னத திருப்பித் தமிழ்ல சொல்றப்ப அவரு கொரலே வேற மாதிரி இருந்துச்சு. "பரீட்சை வரைக்கும் இல்லை. ஓட்டல் நிக்கிற வரைக்கும் உங்களுக்கு அந்த அறை இருக்குமாம். நாளையிலயிருந்து விருந்தாளிகளை வெளியில கூட்டிக்கொண்டு போறது உங்கட பொறுப்பாம்."

இருசம்மா ஈரத் துணியத் தூக்கிக் காட்டி, "அப்ப இத யார்கிட்ட குடுக்கட்டும்?"னுச்சு.

கனகரட்ணம் ஐயா கைய நீட்டி வாங்கிக்கிட்டாரு. சத்தியமா!

அதுக்கப்பறம் கேக்கணுமா? விடியக்காலம் பாசார், சுங்கை ஊடாங் கடக்கரைல மலாய் கம்பத்து மீனவங்களோட சேந்து வல இழுக்குறது, மேமுங்களுக்குச் சேல கட்டி கோயில் திருவிழா. இருசம்மா கூட்டிட்டுப் போறதுக்குன்னே சிங்கப்பூர்லேருந்து கடுதாசி போட்டு ரூம்பு புடிச்சாங்க. பின்னாடி வேல செஞ்ச நாலு பேருல ஒருத்தர்கூட போகல. கமலவேணி அந்தப் பரிட்சயும் பாஸ், அடுத்ததும் பாஸ். இன்னிக்கு அவ டீச்சரு. இருசம்மா என்ன அண்ணேன்னு கூப்பிட்டதுல மொறயும் சரியா அமஞ்சு போச்சு. போன வருசம் என் மவன் காளிதாஸுக்கு அவளக் கட்டி வச்சோம்.

பேத்தி பொறந்த மூணாம் நாளு, ஓட்டல் காருலேயே வந்து எறங்குச்சு சம்மந்தியம்மா. கொழந்தைய வாங்கி நெஞ்சோட அணச்சுக்கிச்சு. அப்பறம் பைய என்கிட்ட குடுத்துச்சு. உள்ள ஆறு டின்னு பால். திருப்பிப் பாத்தேன். ஆறுலயும் ஓட்ட!

"சம்மந்தியம்மா! மலாக்காவுல அந்தக் கெடுபிடியெல்லாம் எடுத்து எத்தன வருசமாச்சு? இதெல்லாம் நாளைக்கு நிக்குமா?"

ஒரு கணம் திருதிருன்னு முழிச்சுச்சு. அப்பறம் பாருங்க, அந்த எடத்துலயே முந்தானைய சொருகிக்கிட்டு அடுப்படிக்கு நடந்துச்சு.

"நாளைக்கு எதுக்குச் சம்மந்தி நிக்கணும்? தண்ணியக் கொதிக்க வைங்க. இந்த வரிசையில இருக்குற அத்தன வீட்டுக்கும் இன்னிக்கு நம்ம வீட்டுத் தேத்தண்ணிதான். என் பேத்தி வந்திருக்கா, எல்லாரையும் கூப்பிடுங்க!"

கூப்பிட்டேன். ஆறு டின்னும் பத்தல.