மூன்றரை மணிக்கு வரும் போன்

பங்கு விலை ஏறுகிற நாளில், கம்பெனியில் பங்குதாரர் பிரிவு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. இறங்க ஆரம்பித்தால் எங்கள் போன் நம்பர் ஊருக்கே மனப்பாடம் ஆகிவிடும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அந்தப் போனை எடுக்கிறவள் நான். அடுத்தவர் கோபத்தை வாங்கிக்கொள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி. மேலே படியுங்கள்.

இரண்டே வாக்கியம்

பெரிய வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போய்விட்டது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து எங்கள் பங்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும் சொல்வதற்கு மேலிடம் இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்திருந்தது. 'சந்தை விலை பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை. தெரிவிக்க வேண்டியது இருந்தால் பங்குச் சந்தைக்கு முறைப்படி தெரிவிப்போம்.' ஒருவருக்கு மட்டும் தனியாகக் காதில் ஓதக்கூடாது என்பது சட்டம். நியாயமான சட்டம்தான். போனில் அழுகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

திமிரியிலிருந்து ஒரு டீச்சர் பேசினார். ரிட்டயர்மென்ட் பணத்தில் எங்கள் பங்கை வாங்கியவர். நான் இரண்டு வாக்கியத்தையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒப்பிச்சிட்டியாம்மா? சரி, இப்ப புக்க மூடிட்டு சொல்லு."

கவலை வேண்டாம்

எங்கள் தொழிலாளர்களிலும் பங்குதாரர்கள் உண்டு. கம்பெனி பங்குச் சந்தைக்குப் போன வருஷம் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். அவர்களுக்காக நான் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். விவரமுள்ள வரிகளை எல்லாம் மேலிடம் அடித்துவிட்டது. மிஞ்சியது, 'பங்குதாரர்கள் கவலைகொள்ளத் தேவையில்லை' என்பது மட்டும்.

மறுநாள் டீ டைமில் தையல் லைன் சலோமி அந்தக் கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தாள். பெண்ணை நர்சிங் சேர்க்கும்போது விற்கலாம் என்று பங்கை அப்படியே வைத்திருக்கிறாள். விலை இறங்கியதே அவளுக்குத் தெரியாதாம்.

"நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன் மேடம். கவலப்படாதன்னு கம்பெனி எழுதுன அப்புறம்தான் கவலயே வருது."

தூக்கோடு வந்தவர்

யூசுப் பாய் முப்பது வருஷம் எங்கள் கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டியவர். கம்பெனி கொடுத்த பங்கோடு ரிட்டயராகி வாலாஜாபேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். மார்க்கெட் மூடியதும், மூன்றரைக்கு, தினமும் அவர் போன் வரும். "இன்னாம்மா, இன்னிக்கி எவ்ளோ?" என்பார். "கம்மிதான் பாய்" என்பேன். விலை அவர் மகனின் செல்போனிலேயே தெரியும். அதன் பிறகுதான் அவருடைய நிஜமான கேள்விகள் வரும்: கேன்டீனில் இன்றைக்கு என்ன, பழைய கட்டிங் மெஷின் ஓடுகிறதா, நீ சாப்ட்டியா.

பங்குதாரர் கூட்டம் வருஷா வருஷம் கம்பெனிக்குள்ளேயே ஷாமியானா போட்டு நடக்கும். முடிந்ததும் பிரியாணி. வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துப்போகத் தூக்குவாளி கொண்டுவருவது பழைய தொழிலாளர்களின் வழக்கம். விலை இறங்கிய இந்த வருஷம் கூட்டத்தை வீடியோவுக்கு மாற்றிவிட்டார்கள். கேள்வி கேட்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், பாருங்கள். நோட்டீஸ் ஈமெயிலில் போனது. பாய்க்கு ஏது ஈமெயில்? கூட்டத்தன்று காலை, கேட்டில் இஸ்திரி போட்ட சட்டையும் அத்தர் வாசனையும் கையில் தூக்குமாக நின்றார். என் அறைக்குக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். சேர்மன் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். பாய் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு என்னைக் கேட்டார்:

"இதுல மொதலாளிக்கு நம்ம மூஞ்சி தெரியுமாம்மா?"

வாய்தவறி

பாயின் மகன் சொந்த வீடு கட்டுகிறான். இன்னும் இறங்குவதற்குள் விற்றுவிடச் சொல்லி நச்சரிக்க ஆரம்பித்தான். பாய் அசையவில்லை. "ஷேர் இருக்கிற வரைக்கும் நான் கம்பெனி ஆளும்மா. அதுவும் போய்ட்டா கேட்ல யாருன்னு கேப்பான்" என்பார். ஆனாலும் தினமும் போனை வைக்கும் முன் ஒரு கேள்வி: "வெச்சிக்கவா, வித்துடவா?" என் கையில் இருந்தது இரண்டு வாக்கியம். விலை எங்கே போகும் என்று எனக்கும் தெரியாது. இருந்தும், 'விக்காதீங்க பாய்' என்று சொல்ல எவ்வளவு ஏங்கினேன்! விலைக்காக இல்லை. சாப்பிட்டாயா என்று என்னைத் தினமும் கேட்கிற ஒரே மனுஷர் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கே போன் வந்தது. "வித்துட்டேம்மா" என்றார். "நாளைலேர்ந்து இன்னா சொல்லி உனக்கு போன் பண்றது?"

சும்மா பண்ணுங்க பாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பங்கை விற்றுவிட்டுப் போகிற எல்லோருக்கும் சொல்லிப் பழகிய வாய் தானாகவே திறந்துகொண்டது: "எங்கள் பங்குதாரராக இருந்ததற்கு மிக்க நன்றி."

பாய் என்னை முடிக்க விட்டார். அப்புறம் கேட்டார்:

"கம்பெனி சொல்லிடுச்சி. நீ இன்னாம்மா சொல்ற?"

அழுகிறேன் என்று தெரிந்துவிடக்கூடாதே என்று போனை வைத்துவிட்டேன். விலை இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது, மூன்றரைக்கு அதைக் கேட்கத்தான் ஆளில்லை.