ஆர்டித் வீட்டு விதையை நான் தின்ற கதை

என் மனைவி ஆர்டித்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவள் வீட்டு விதையை நான் வேகவைத்துத் தின்றதைச் சொல்லியாக வேண்டும். வட கரோலினா மலையில், எங்கள் டர்க்கி ஓடைப் பக்கம், இதைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. நான் மறைத்தாலும் எங்கள் பாஸ்டர் விடமாட்டார். அவரும்தான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

இருபத்தேழு வருஷம் இந்த மலைப்பாதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் ஆர்டித். பனி உறைந்து கிடந்த வளைவுகளில்கூட ஒரு பிள்ளைக்கும் கீறல் பட்டதில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தால் நேரே தோட்டம்தான். ஏப்ரலில் காட்டுப் பூண்டு, ஜூலையில் பிளாக்பெர்ரி, அக்டோபரில் ஆப்பிள் என்று வருஷத்துக்கு இருநூறு பாட்டில் பதப்படுத்தி மூடுவாள். மக்காச்சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறவர்களை மனிதராகவே மதிக்க மாட்டாள். அந்த விஷயத்தில் நானும் அவள் கட்சிதான்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய பீன்ஸ். கல்யாணமாகி வந்த அன்று கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதை. அவள் வீட்டில் தாய் கையிலிருந்து மகள் கைக்குப் போகுமே தவிர, வெளியே ஒரு மணி போகாது. சோளத்தட்டையைப் பிடித்து ஏறும். காயில் சுணையே கிடையாது, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும். பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றைப் போட்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வைப்பாள். சர்ச் விருந்துக்கு ஆறு பெண்கள் பீன்ஸ் சமைத்துக் கொண்டுவருவார்கள். முதலில் காலியாவது ஆர்டித்தின் சட்டிதான். அவள் அதைப் பார்க்காத மாதிரி நிற்பாள். நான் ஊரே பார்க்கும்படி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வருஷம் பிப்ரவரியில் எங்கள் மகள் ஷானாவின் பிரசவத்துக்காக நாக்ஸ்வில் போனாள். கிளம்பும் முன் ஃப்ரீசரைச் சுத்தம் செய்தவள், அதிலிருந்த விதை பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தாள், திருப்பி வைக்க மறந்துவிட்டாள். பக்கத்திலேயே சமையலுக்கென்று கடையில் வாங்கிய உலர்ந்த பீன்ஸ் மணி. இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை, பாட்டிலும் ஒரே மாதிரி, சீட்டும் ஒட்டவில்லை. இதில் என் குற்றம் பாதிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து அலமாரியைத் திறந்தாள்.

"ஹார்லன், இங்க ஒரு பாட்டில் இருந்துச்சே?"

"சமைச்சிட்டேன். பாஸ்டர் வந்திருந்தாரு."

"முழுசுமா?"

"ரெண்டு பேருக்கு எவ்வளவு போடறதுன்னு எனக்கென்ன தெரியும்?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அது எங்கம்மா விதை" என்றாள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. ஷானாவுக்குத் தோட்டமே கிடையாது. அந்த பாட்டிலை விட்டால் அந்த விதை இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"எது?"

"ருசி. விதைய நான் ஒரு நாளும் சமைச்சதில்ல. எங்கம்மாவும் சமைச்சதில்ல. தின்னவன் நீதான், சொல்லேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இருக்காதா பின்ன" என்று எழுந்து போய்விட்டாள்.

நான்காம் நாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே மாவுக் கையோடு மாடிக்கு ஓடினாள். பச்சைக் காயை நூலில் கோத்து உலர்த்துவது எங்கள் வழக்கம். காய்ந்து தொங்குவதைப் பார்த்துத் தோல் கால்சட்டை என்போம். கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த முறை கடைசிப் பறிப்பில் முற்றிப்போன காய்களை எறிய மனமில்லாமல் ஒரு சரம் கோத்து மாடியில் மாட்டியிருந்தாள். நாரேறிப்போன, விருந்தாளிக்கு வைக்க முடியாத சரம். அவள் அம்மா பார்த்திருந்தால் இவளை வாரியிருப்பாள்.

உரித்தாள். சுருங்கிய மணிகள் அறுபத்தொன்று தேறின. ஈரத்துணியில் சுருட்டி ஃப்ரிட்ஜின் தலைமேல், சூடு வரும் இடத்தில் வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"பசிக்குதா?" என்றாள்.

பத்து நாளில் ஒன்பது முளைத்தன. மற்றவை அழுகிவிட்டன. அந்த ஒன்பதையும் வெட்டின பால் அட்டைப்பெட்டிகளில் நட்டு, ஜன்னலுக்கு ஜன்னல் வெயிலோடு தூக்கிக்கொண்டு திரிந்தாள். இதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. உரக்கடைக்காரன் என்னைக் கண்டதும், "என்ன ஹார்லன், விதைக்கா வந்த, சாப்பாட்டுக்கா வந்த?" என்றான். அவன் கடைக்கு ஒரு மாசம் போகவில்லை.

மே மாதம் தோட்டத்தில் நட்டாள். பிளாக்பெர்ரி பூக்கும்போது ஒரு குளிர் திரும்பி வரும், அது வராமல் இருந்ததில்லை. அவளுக்கு அது தெரியாதா? செடிகள் பெட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டன, வேறு வழியில்லை. குளிர் வந்த அன்று சாயங்காலம் கல்யாணத்துக்கு அவள் அத்தைகள் தைத்துக் கொடுத்த போர்வையைக் கொண்டுபோய்ச் செடிகளுக்குப் போர்த்தினாள். எனக்கு நிமோனியா வந்தபோதுகூட அந்தப் போர்வை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. போர்வையின் பாரம் செடிமேல் விழாமல் தாங்க நான் குச்சி நடப் போனேன். "வேலிக்கு அந்தப் பக்கம் நில்லு, அங்கேர்ந்து குடு" என்றாள். அப்படியே நின்று கொடுத்தேன்.

குளிரில் இரண்டு செடி போயிற்று. ஒன்றை முயல் தின்றது, அதற்காவது பசி என்ற நியாயம் இருந்தது. மிச்சம் ஆறும் சோளத்தில் ஏறின. ஆகஸ்ட் விருந்துக்கு ஆர்டித் பூசணிக்காய்தான் கொண்டுபோனாள். "பீன்ஸ் எங்க?" என்று கேட்டவர்களிடம், "இந்த வருஷம் ஹார்லன் முன்னாடியே சாப்பிட்டுட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆறு கொடியில் ஒரு காயைக்கூட அவள் சமையலுக்குக் கிள்ளவில்லை. மகளின் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறவள்கூட அப்படிக் காத்திருக்க மாட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அக்டோபரில் காய் காய்ந்து கலகலத்தது. அடுப்பங்கரை மேஜையில் செய்தித்தாளை விரித்து உரித்தாள். வெள்ளை வெளேரென்று நல்ல திரட்சியான மணிகள். இரண்டு பாட்டிலில் சமமாகப் போட்டாள். ஒன்றில் சீட்டு ஒட்டி ஃப்ரீசரில் வைத்தாள். இன்னொன்றை என் பக்கம் தள்ளினாள்.

"ஓடைக்கு அந்தாண்ட மேட்டுல உன் சோளத்துக்குள்ள போடு. நீயே நடு, நீயே எடுத்து வை."

"உங்க வீட்டுல ஆம்பளைங்க கைல குடுக்க மாட்டீங்களே."

"குடுத்ததில்ல."

"நான் தின்னவன், ஆர்டித்."

"அதனாலதான். இனிமே இத தின்னவே மாட்டான்னு இந்த ஓடைப் பக்கத்துல நான் நம்பற ஒரே ஆளு நீதான்." மேஜையிலிருந்த தோலைக் கையால் கூட்டித் தள்ளினாள். "என்கிட்ட அழிஞ்சு போச்சுன்னா உன்கிட்டதான் வந்து கேப்பேன். வச்சிரு."

பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.