எட்டு மணல் பெட்டியும் எட்டு டீ ஸ்பூனும்

1. மணல் வராத காலை

"ஐயா, இந்தப் பக்கம் மணலே வரலீங்க!"

எதிர்க்கரையிலிருந்து கொத்தனார் மாரிமுத்து அண்ணன் சத்தம் போட்டார்.

பினாங்கு ஆற்றில் எழுந்துகொண்டிருந்த செங்கல் பாலத்துக்கு நான் ஓவர்சீயர். வளைவைக் கட்டி முடிக்கும்வரை அடியில் மரச்சாரம் தாங்கும், அதுதான் சென்ட்ரிங். சுண்ணாம்பு இறுகியதும் அதை இறக்க வேண்டும். சாரத்தின் எட்டுக் கால்களும் மணல் நிரப்பிய இரும்புப் பெட்டிகள்மேல் நின்றன. பெட்டியின் துவாரத்தை அடைத்த தக்கையைப் பிடுங்கினால் மணல் ஒழுகும், சாரம் மெல்ல இறங்கும். எட்டும் ஒன்றாக இறங்காவிட்டால் வளைவு கோணி வெடித்துவிடும்.

என் கரையில் நான்கு பெட்டிகளும் ஒழுகத் தொடங்கியிருந்தன.

"அடைங்க! எல்லாத் தக்கையும் அடைங்க!" என்று கத்தினேன்.

தப்பு என்னுடையது. ஆற்றுமணல் காயும்வரை பொறுக்காமல், எதிர்க்கரைக்குக் கடற்கரை மணலைப் போடச் சொன்னவன் நான்தான். உப்பு மணல் ஈரத்தை இழுத்துக் கட்டியாகியிருந்தது. எஞ்சினியர் துரையிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"வளைவு வெடித்தால் நாளைக்கு நீ வரவேண்டாம்" என்றார் அவர்.

2. துரையின் தேநீர்க் கூடை

"சுரண்டி எடுத்துடலாங்க" என்றார் மாரிமுத்து அண்ணன். "ஆனா எட்டுப் பெட்டிலயும் ஒரே அளவு, ஒரே நேரத்துல எடுக்கணும்."

எந்தக் குவளையும் அந்தத் துவாரத்தில் நுழையாது. வேடிக்கை பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்காகத் துரை கொண்டுவந்த தேநீர்க் கூடை கண்ணில் பட்டது. கூசாமல் எட்டு ஸ்பூன் கேட்டேன். முறைத்தபடியே கொடுத்தார்.

சாரம் மறைத்ததால் இரண்டு கரைக்காரர்களாலும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அண்ணன் வளைவின் உச்சியில் ஏறி நின்று, கல் இழுக்கும்போது பாடும் மெட்டை எடுத்தார்.

"ஏலேலோ... அள்ளு!"

ஒரு சொல்லுக்கு ஒரு ஸ்பூன். காலை முழுக்க அப்படியே போனது. நான் வளைவுக்கடியில் நின்று ஒவ்வொரு செங்கல் வரிசையாக விரிசல் தேடினேன்.

உச்சி வெயிலில் துரை கீழே வந்தார். என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே செருகினார். தாள் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை எங்கும் தட்டாமல் போயிற்று. வளைவு தன் காலில் நின்றது, மயிரிழை விரிசல்கூட இல்லை!

"நின்னுருச்சுய்யா! நம்ம பாலம் நின்னுருச்சு!" மேலிருந்து அண்ணன் தலைப்பாகையைக் கழற்றி வீசினார். நான் வாய்விட்டு அழுதேன்.

என்னிடம் வேலை பழக வந்திருக்கும் பிள்ளைகளே, பெட்டியில் போடுமுன் மணலைக் கையில் பிடித்துப் பாருங்கள். பார்க்காமல் போட்டுவிட்டால், மறைக்காமல் உடனே சொல்லுங்கள். நான் சொன்னதால்தான் ஸ்பூன் கிடைத்தது.

அன்று துரை அதே ஸ்பூனால் தேநீரைக் கலக்கினார். மணல் பல்லில் நறநறத்தும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்றார்.