கட்டி அளக்கிறவர்

கால்நடை மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், நாய்களுக்கான புற்றுநோய்ப் பிரிவில், அவருக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். நாயின் உடம்பில் இருக்கும் கட்டி எவ்வளவு பெரியது என்று அளந்து சொல்ல வேண்டும். ஊசி போடுவதோ மருந்து கொடுப்பதோ அவர் பாடில்லை. கட்டி நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், "டாக்டரக் கேளுங்க" என்பார். எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் வரும். "முப்பத்தேழு." அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் ஒரு சொல் கிடைக்காது.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு பம்பு தொழிற்சாலையில் இருந்தார். லேத்திலிருந்து இறங்கும் தண்டுகளையும் வளையங்களையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, சரியானதை இடதுபக்கப் பெட்டியிலும் சரியில்லாததை வலதுபக்கப் பெட்டியிலும் போடுவது வேலை. மற்றவர்கள் ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தால் கண்டும் காணாமல் விடுவார்கள். இவர் விடமாட்டார். லேத்காரர்கள் அவருக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஐந்தாறு வருடத்தில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. ஒருநாள் முதலாளியே "ரிஜெக்ட் எங்கப்பா?" என்று கேட்டார். இவரும் "இதோ வந்துட்டேன் சார்" என்று போனார்.

பிறகு தொழிற்சாலையில் அளப்பதற்கென்றே ஓர் இயந்திரம் வாங்கினார்கள், இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இயந்திரம் தன்னைவிடக் கறார் என்று கேள்விப்பட்டபோது, லேத்காரர்களை நினைத்துச் சற்று வருத்தப்பட்டார்.

ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்தது மருத்துவமனை உதவியாளர் வேலை. நாயைப் பிடித்துக்கொள்வது, மேசையைத் துடைப்பது, எடை பார்ப்பது. நாய் என்றால் அவருக்குப் பிரியமும் இல்லை, பயமும் இல்லை. நாய்களுக்கும் அவரிடம் அப்படியே இருந்தது போலிருக்கிறது. அவர் பிடித்தால் திமிறாமல் நின்றன.

அப்போதுதான் பெரிய டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். நாய்களின் தோலுக்கடியில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டிக்குப் புது மாத்திரை ஒன்றைக் கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது. முதல் நாள் ஒரு கறுப்பு நாயின் தோளில் இருந்த கட்டியைப் பெரிய டாக்டரம்மா அளந்தார், முப்பத்தெட்டு மில்லிமீட்டர். சின்ன டாக்டர் அளந்தார், நாற்பத்து நாலு. இரண்டு பேரும் மறுபடி அளந்தார்கள். இந்தமுறை சின்ன டாக்டருக்கு முப்பத்தாறு வந்தது.

நாயைப் பிடித்துக்கொண்டிருந்தவரால் பொறுக்க முடியவில்லை. "அமுக்கறீங்க சார்" என்று வாயை விட்டுவிட்டார்.

"என்னது?"

"இது இரும்பில்ல. அமுக்கினா உள்ள போகும். தொட்டதும் நிறுத்தணும்."

"நீங்களே அளங்களேன்" என்று சின்ன டாக்டர் வெர்னியரை நீட்டினார். கிண்டலாகத்தான் நீட்டினார். இவர் அதைத் திருப்பித் துடைத்து, அதன் இரும்பு நாக்குகளை மூடிப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, மூன்றுமுறை அளந்தார். மூன்றுமுறையும் நாற்பத்தொன்று.

பெரிய டாக்டரம்மா விடவில்லை. பத்து நாய்களைக் காலையில் அளக்கச் சொல்லி, தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் மறுபடி அளக்கச் சொன்னார். எதிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. மறுநாளிலிருந்து மேசை துடைக்க வேறு ஆள் வந்தார்.

ஆராய்ச்சியின் நடைமுறை இப்படி. எல்லா நாய்க்கும் வழக்கமான ஊசி உண்டு. அதோடு பாதி நாய்களுக்குப் புது மாத்திரை. மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எந்த நாய்க்கு எது என்று டாக்டர்களுக்கும் தெரியாது. விவரம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. முடியும்வரை திறக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கட்டியை மூன்று தடவை அளந்து, நடு அளவை எழுதிக்கொள்வார்கள். முதல் அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டால் அந்த நாய் ஆராய்ச்சியிலிருந்து வெளியே. பிறகு அதற்கு வேறு வழி பார்ப்பார்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு அவருடைய அக்கா வீட்டு நாயும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பெயர் மேனேஜர். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் எதிரே உட்கார்ந்து கடைசிவரை பார்க்கும், தான் ஒன்றும் செய்யாது. அதனால் அத்தான் வைத்த பெயர். அத்தான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். மேனேஜர்களைப் பார்த்துப் பழகியவர். நாய்க்கு ஒன்பதரை வயதில் வலது பின்னங்காலில், முட்டிக்குப் பக்கத்தில் கட்டி வந்தது. காலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். காலை எடுக்காமல் ஏதாவது வழி உண்டா என்று அத்தான் கேட்க, ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள்.

"இது எங்க அக்கா வீட்டு நாய் மேடம்" என்று இவர் முன்கூட்டியே சொன்னார்.

"நீங்க அளந்தா சந்தேகம் வராதா?"

"யாருக்கு?"

டாக்டரம்மா யோசித்தார். "சரி, அளங்க. எழுதறது சின்ன டாக்டரா இருக்கட்டும்."

முதல் அளவு நாற்பத்தொன்று. மூன்று வாரத்தில் நாற்பத்து மூன்று. அடுத்த மூன்று வாரத்தில் நாற்பத்தாறு. ஒவ்வொரு முறையும் அக்கா வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். "நம்ம மேனேஜருக்கு நிஜ மருந்துதானேடா குடுக்கறாங்க?"

"தெரியாதுக்கா."

"இங்கயே வேலை பாக்கற, தெரியாதுங்கற?"

"டாக்டருக்கே தெரியாது."

"அப்புறம் யாருக்குத்தான்டா தெரியும்?"

"உறைக்கு."

நான்காவது அளவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், அத்தான் வீடு தேடி வந்தார். வழக்கமாக வந்ததும் டீ கேட்பவர், அன்று கேட்கவில்லை.

"மாப்ள, நேத்து ஸ்கேல் வச்சுப் பாத்தேன்."

"ஸ்கேல்ல பாக்கக் கூடாது அத்தான். கட்டி உருண்டை."

"உருண்டையோ சப்பையோ. நாப்பத்தொம்போதுக்கும் அம்பதுக்கும் நடுவுல நிக்குது. நாப்பத்தொம்போதுன்னா உள்ள. அம்பதுன்னா வெளிய. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"கணக்கு சரிதான்."

"வெளிய வந்தா கால வெட்டிடுவாங்க."

இவர் மடியிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ஒரு மில்லிமீட்டர் மாப்ள. மருந்து வேலை செய்ய இன்னும் மூணு வாரம் கெடைக்கும். ரெண்டு நிமிஷம் லேட்டா வர்ற பஸ்ஸ நான் கரெக்ட் டைம்னு எழுதினதில்லையா? முப்பது வருஷமா எழுதறேன். யாரு என்ன கெட்டுட்டாங்க?"

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இவர் மனைவி குறுக்கே வந்தாள். "ஒரு மில்லிமீட்டர்னா எவ்வளவுங்க?"

"தீக்குச்சி கனத்துல பாதி."

"அதுக்கா இவ்வளவு பேச்சு?"

"அதுக்குத்தான்" என்றார் அவர்.

அத்தான் எழுந்தார். செருப்பை மாட்டும்போது, "நான் வந்தது அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றார். அக்காதான் அனுப்பியிருந்தாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவர் டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். "நாளைக்கு வேற யாராவது அளக்கட்டும் மேடம்."

"ஏன்?"

"கை சரியில்ல."

"எந்தக் கை?"

அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. "ரெண்டும்" என்றார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "மூணு தடவ நீங்கதான் அளந்திருக்கீங்க. இப்ப ஆள் மாறினா பழைய அளவோட சேராது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். அதனால் பேசாமல் திரும்பி வந்தார்.

செவ்வாய்க்கிழமை மேனேஜரை மேசைமேல் ஏற்றினார்கள். அது வழக்கம்போல எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்தது. அக்கா அதன் தலைமாட்டில் நின்றாள், அத்தான் கதவருகே. சின்ன டாக்டர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். இவர் வெர்னியரைத் துடைத்து, மூடித் திறந்து, வைத்தார். ஐம்பது. எடுத்து மறுபடி வைத்தார். நாற்பத்தொன்பது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். வருடக்கணக்கில் தம்பி வேலை செய்வதைப் பார்த்தவள் அல்ல. ஆனால் இந்த ஒன்பது வாரத்தில் வெர்னியர் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். மூன்றாவது அளவைச் சரியாகப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சொன்னால் சின்ன டாக்டர் எழுதிக்கொள்வார். அடுத்த மூன்று வாரம் கழித்து வேறு ஒரு எண் வரும். அதை எதோடு ஒப்பிடுவது? பொய்யோடு ஒப்பிட்டால் வளர்ந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? முதலில் அவருக்கே தெரியாது. அதுதான் அவருக்கு ஒப்பவில்லை.

மூன்றாவது முறை நிதானமாக வைத்தார். மேனேஜர் தலையைத் திருப்பி அவர் மணிக்கட்டில் மோவாயை வைத்துக்கொண்டது. அதை நகர்த்தாமல், இன்னொரு கையால் அளந்தார்.

"அம்பது, நாப்பத்தொம்போது, அம்பது" என்றார். "நடு அளவு அம்பது."

சின்ன டாக்டர் எழுதினார்.

"உனக்கு மனசே கெடையாதாடா?" என்றாள் அக்கா. சத்தம் போடாமல்தான் கேட்டாள். அத்தான் நாயை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்து ஒரு வெள்ளை நாய் வந்தது. வெர்னியரைத் துடைக்காமலே அளக்கப் போனவரைச் சின்ன டாக்டர் தடுத்தார். "சார், தொடைக்கல." மருத்துவமனையில் அவருக்கு அப்படி நேர்ந்தது அதுதான் முதல்முறை. துடைத்தார். இருபத்தெட்டு.

மார்பு எக்ஸ்ரேயில் நோய் பரவியதற்கு அடையாளம் இல்லை. ஒன்பதாம் நாள் மேனேஜரின் வலது பின்னங்காலை இடுப்போடு எடுத்தார்கள். அக்கா அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். சேதி சொல்ல வேண்டுமானால் அவர் மனைவிக்குப் போன் செய்வாள். பக்கத்திலேயே தம்பி இருப்பது தெரிந்தும், "அவர்கிட்ட சொல்லிடு" என்பாள். தம்பியை அவர் என்று சொல்லத் தொடங்கியது அப்போதுதான்.

நாய்க்கு இந்த வருத்தமெல்லாம் இல்லை. மூன்றாம் நாள் எழுந்து நடந்தது. பத்தாம் நாள் வாசலுக்கு ஓடியது. வீட்டுக்காரர்கள்தான் அதைப் பார்க்க முடியாமல் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே ஒரு சிக்கல். விளக்குக் கம்பத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் இடது பின்னங்காலைத் தூக்கி, நிற்பதற்கு வேறு கால் இல்லாததால் உட்கார்ந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தது. பிறகு கம்பத்தில் சாய்ந்துகொண்டு காரியத்தை முடித்தது. மறுநாளிலிருந்து எல்லாக் கம்பத்திலும் அப்படியே சாய்ந்தது. அத்தான் இதை டிப்போவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தழும்பைக் காட்ட மருத்துவமனைக்கு வர வேண்டும். முதல்முறை வந்தபோது இவர் தழும்பு நெடுக விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. சின்ன டாக்டர் விடுப்பு. தாளில் இவரே எழுதினார்.

அக்கா சுவரைப் பார்த்துக் கேட்டாள். "என்ன எழுதியிருக்கு?"

"பூஜ்யம்."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன்க்கா."

அவள் சுவரிலிருந்து பார்வையை எடுத்தாள். "எளச்சுப் போயிட்டியேடா" என்றாள். அவர் இளைக்கவில்லை, இரண்டு கிலோ கூடியிருந்தார். எடை பார்க்கும் மேடைமேல் அன்று காலைதான் ஏறியிருந்தார். ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஆராய்ச்சி முடிந்தது. உறைகளைப் பிரித்தார்கள். அந்த வகைக் கட்டிக்குப் புது மாத்திரையால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்தது. கட்டி சுருங்கிய நாய்கள் நாலைந்துதான். அவற்றில் இரண்டு சாப்பிட்டது வெறும் மாத்திரை. ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் போயிற்று. கடிதத்தோடு அத்தான் மருத்துவமனைக்கே வந்தார். அதுவரை அவர் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம், 'எங்களுக்குக் குடுத்தது வெறும் மாவு மாத்திரை, இல்லன்னா கால் போயிருக்காது' என்று அடித்துச் சொல்லி வந்தவர்.

"நிஜ மருந்துதானாம் மாப்ள" என்றார்.

"பாத்தேன் அத்தான்."

"முன்னாடியே தெரியுமா?"

"இல்ல."

"நிஜ மருந்துன்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா? நாப்பத்தொம்போதுன்னு சொல்லியிருப்பியா?"

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உறவுக்காரரிடம் உடனே இல்லை என்று சொல்வது நன்றாக இருக்காது என்பதற்காக யோசித்த மாதிரி இருந்தது. "அம்பதுதான் சொல்லியிருப்பேன் அத்தான்."

"தெரியும்" என்றார் அத்தான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "டீ குடிக்கலாம் வா."

மேனேஜர் பிறகும் பத்து மாதம் இருந்தது. கட்டி திரும்ப வரவில்லை. சிறுநீரகம் கெட்டு, ஒரு வியாழக்கிழமை மதியம், அத்தான் சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டே இறந்தது. போன் வந்ததும் இவர் அலுவலக அறைக்குப் போய் விடுப்புத் தாள் கேட்டார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பத்தில் இறப்பு' என்று எழுதிக் கொடுத்தார்.

எழுத்தர் புதிதாக வந்தவர். "யாருங்க?"

"அக்கா வீட்ல. மேனேஜர்."

"அடடா. எந்தக் கம்பெனில இருந்தாரு?"

"கம்பெனி இல்ல. வீட்லதான் இருந்தாரு."

"வயசு?"

"பன்னண்டு."

எழுத்தர் தலை நிமிர்ந்தார். இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தன் நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். எழுத்தர் அதைப் பார்த்தார்; தாளைப் பார்த்தார்; முத்திரை குத்தினார். "அரை நாள் போதுமாங்க?"

"முழு நாள் வேணும்" என்றார் அவர். "அத்தான் டிப்போவுக்குப் போயிடுவாரு. அக்கா தனியா இருப்பா."