மேக்சினின் ஞாயிற்றுக்கிழமை ஓவன்

மேக்சின் சக்டன் எதற்கும் தயங்கி நின்ற ஆள் இல்லை. இங்கிலாந்தின் கீத்லியில் பெண் ஓட்டுநர்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்திலேயே பஸ் ஓட்ட வந்தவள். குடித்துவிட்டுக் கை நீட்டிய கணவனை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியோடு வாசலில் இறக்கிவிட்டு, தலையை வாரிக்கொண்டு நேராக வேலைக்குப் போனவள்.

அந்த இலையுதிர்காலத்தில் கேஸும் கரண்டும் விலை ஏறியபோது தெருவே அரண்டுபோயிற்று. லீட்ஸில் இருந்த மகள் கர்ஸ்டி போனில் புலம்பினாள்.

"அம்மா, இனிமே ஓவன் பக்கமே போகாத. பிரெட்ட வச்சு ஓட்டிக்கோ."

"மழையில பஸ் ஓட்டிட்டு வந்து காஞ்ச ரொட்டிய கடிக்கவா? போடி."

தோல் மொறுமொறுவென்றிருக்க, உள்ளே பஞ்சு மாதிரி வெந்த உருளைக்கிழங்கு. அதன் மேல் உருகி வழியும் வெண்ணெய். மேக்சினுக்கு அது இல்லாத குளிர்காலம் குளிர்காலமே இல்லை. ஆனால் ஒரே ஒரு கிழங்குக்காக ஓவனை ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியவிடுவது, ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு முழு பஸ்ஸையும் மலை மேலே ஓட்டுவது போல. அப்படியானால் பஸ்ஸை நிரப்ப வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

சந்தையில் ஒரு மூட்டை கிழங்கு வாங்கி வந்தாள். கழுவி, முள்கரண்டியால் குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி, ஓவனின் எல்லாத் தட்டுகளிலும் அடுக்கினாள். வெந்ததும் சூட்டோடு சூடாகத் தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜின் உறையவைக்கும் மேல் அறையில் திணித்தாள். புதன்கிழமை ஒன்றை எடுத்துச் சூடாக்கினால், பிழிந்துபோட்ட துணி மாதிரி தண்ணீர் சொட்டியது. அவ்வளவையும் சூப் வைத்துக் குடித்துத் தீர்த்தாள்.

அடுத்த ஞாயிறு நன்றாக ஆறவிட்டாள். இரண்டாகப் பிளந்து உள்ளே இருந்ததை வழித்தெடுத்து, வெண்ணெயும் சீஸும் வெங்காயத்தாளும் போட்டு மசித்து, திரும்பத் தோலுக்குள்ளேயே அடைத்து உறையவைத்தாள். வேலை முடிந்து வந்து மைக்ரோவேவில் சூடாக்கி, தோலை வாணலியில் ஒரு புரட்டு. முதல் வாயிலேயே, "மேக்சின், நீ கெட்டிக்காரிடி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இடம்தான் போதவில்லை. ஃப்ரிட்ஜின் மேல் அறை காலணிப் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு நாரிஸ் பேர்ஸ்டோ ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர். மனைவி எட்னா இறந்த பிறகு தனியாள். கொஞ்ச நாளாகவே மேக்சினின் பஸ்ஸில் ஏறி, முதியோருக்கான இலவசப் பாஸைக் காட்டிவிட்டு, ஹீட்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மலை மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கும் ஊர் சுத்தலா, நாரிஸ்?"

"ஆமாம்மா. மேய்ச்சல் நிலம் பாக்க அழகா இருக்கு."

கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. வெளியே ஒரு ஆடுகூடத் தெரியவில்லை. அவர் வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் குழாயிலிருந்து காலையில் புகை வருவதும் நின்றுபோயிருந்தது. மேக்சினுக்குப் புரிந்தது. அந்த மனுஷனிடம் இரக்கத்தைக் கொண்டு போய் நீட்டினால் மூஞ்சியிலேயே கதவைச் சாத்துவார் என்பதும் தெரியும். சனிக்கிழமை போய்க் கதவைத் தட்டினாள்.

"உங்க கொட்டகையில எட்னாவோட பெரிய ஃப்ரீசர் சும்மாதானே கெடக்கு?"

"அத அணைச்சுப் போட்டாச்சு. எதுக்கு?"

"கிழங்கு வைக்கணும். கரண்டுக் காசு என்னோடது. வாடகையா மூணுல ஒண்ணு உங்களுக்கு."

"கிழங்குல வாடகையா? யார்கிட்டம்மா கதை விடுற?"

"சரி, எதிர்வீட்டுல கேட்டுக்கறேன்."

"நில்லு, நில்லு. முடியாதுன்னா சொன்னேன்?"

மூன்றில் ஒன்று சும்மா வருவது அவர் மனசுக்கு ஒப்பவில்லை போலும். மறுநாள் தேய்க்கும் பிரஷோடு அவள் சமையலறைக்கு வந்து நின்றார். ஓவன் சூட்டில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கிழங்கைத் தேய்த்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். சீஸ் அதிகம் என்று அவள் கையைத் தடுப்பார். தக்காளிச் சாற்றில் ஊறிய டின் பீன்ஸை மேலே ஊற்றாத கிழங்கெல்லாம் ஒரு கிழங்கா என்று வம்பு வளர்ப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு நாள் பஸ்ஸில் யாரோ ஒருத்தி வாயை அடக்கமாட்டாமல், "பாவம் நாரிஸ், மேக்சின்தான் சோறு போடறாளாமே" என்று சொல்லிவிட்டாள். அடுத்த நிறுத்தத்திலேயே அவர் இறங்கி மழையில் நடந்து போனார். அந்த ஞாயிறு வரவில்லை. மேக்சின் ஈரக் கையோடு போய்க் கதவை இடித்தாள்.

"எனக்குப் பிச்ச போடறியா?" என்றார் நாரிஸ்.

"பிச்சையா? உங்க ஃப்ரீசர் இல்லன்னா நான் வாரத்துல ரெண்டு நாள்தான் சூடா சாப்பிடுவேன். அப்போ நீங்க எனக்குப் போடறது பிச்சையா? சொல்லுங்க."

அவர் கதவுப் பிடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஓவன் சூடாயிட்டு இருக்கு, கிழங்குல இன்னும் மண்ணு ஒட்டிட்டு நிக்குது. வரீங்களா, நான் அழுக்கோட வேகவைக்கவா?"

"அழுக்கோடயா? நீ செஞ்சாலும் செய்வ" என்று முணுமுணுத்துக்கொண்டே பிரஷைத் தேடினார்.

பிப்ரவரியில் மேக்சினைக் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. ஞாயிற்றுக்கிழமை கீழே பாத்திரங்கள் உருளும் சத்தம், பிறகு தீய்ந்த வாடை, பிறகு ஜன்னலைத் திறந்துகொண்டு நாரிஸ் வாய்க்கு வந்தபடி வைவது. சற்று நேரத்தில் தட்டோடு மாடி ஏறி வந்தார். தோல் ஒரு பக்கம் கரி. பீன்ஸ் தட்டு முழுக்க வழிந்துகிடந்தது.

"கருகிப்போச்சு" என்றார்.

"தெரியுது."

"மிச்சத்த ஆறவச்சிருக்கேன். சூட்டோட சுத்தல."

மேக்சின் எழுந்து உட்கார்ந்து, கரியைச் சுரண்டித் தள்ளிவிட்டு ஒரு வாய் எடுத்தாள். காய்ச்சல் நாக்குக்கும் உப்பு உறைத்தது. நாலு நாளாக எதுவும் இறங்காத தொண்டையில் அது இறங்கியது.

"எப்படி?"

"சீஸ் பத்தல, நாரிஸ்."

"பீன்ஸ் ஊத்தியிருக்கேன்ல, அப்புறம் எதுக்கு சீஸு?" என்று சொல்லி, அவள் தட்டைக் காலி செய்யும்வரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.