மூன்று வெட்டு வாங்கிய தக்கை

மூட்டைக்கு முப்பத்தொன்பது வயது. அதில் பதினாறு வருடம் அடி வாங்குவதே உத்தியோகம். அவன் வேலை பார்த்த குத்துச்சண்டைக் கூடத்தில் மணல் அடைத்த மூட்டைகள் நான்கு தொங்கின. ஐந்தாவது மூட்டைக்குக் கால் இருந்தது, மனைவி இருந்தாள், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் விடுமுறை இருந்தது. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

பந்தயத்துக்குத் தயாராகும் வீரன் பழகிக்கொள்ள, மூட்டை எதிரே நின்று முகத்தையும் விலாவையும் கொடுக்க வேண்டும். திருப்பிக் குத்தலாம், ஆனால் குத்து தோலைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தாங்க முடியாவிட்டால் கையுறையால் தன் தொடையில் இரண்டு தட்டு தட்டுவான். எதிராளி அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் மதித்தார்கள்.

அவன் மூக்கு மூன்று முறை உடைந்து, எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் கடைசியில் நடுவிலேயே படுத்துவிட்டது. உதட்டின் உள்பக்கம் ஆறிய நாளே கிடையாது. பீர் குடித்தால் கசந்தது. சாராயம் வாயில் தீ வைத்தது. புளிப்பான எதுவும் நாக்கைத் தாண்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஊரை நடுங்க வைக்கும் உடம்பை வைத்துக்கொண்டு தக்காளித் துண்டுக்கு அழுபவன் அவன் ஒருவன்தான்.

அவன் மனைவி சலவை ஆலையில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். ஒரு வருடக் கடைசியில் ஆலையில் ஆளுக்கொரு சின்ன பாட்டில் இனிப்பு வைன் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். முதல் வாயை விழுங்கிவிட்டு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, எரியுதா?"

"எரியல" என்றான். அதை ஏதோ துக்கச் செய்தி போலச் சொன்னான்.

அன்றிலிருந்து தேடல் ஆரம்பமானது. நல்ல இனிப்பு வைன் எல்லாம் கடையின் மேல்தட்டில், புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. விலையும் மாப்பிள்ளை விலை. மலிவானதில் எது இனிக்கும், எது கடிக்கும் என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லா லேபிளிலும் ஒரு கோட்டை, ஒரு குதிரை, யாருக்கும் புரியாத ஒரு பாஷை. பதினோரு பாட்டில் வாயைக் கடித்த பிறகுதான் அவனுக்கு மூலையில் பொடி எழுத்தில் இருந்த போதைச் சதவீத எண் கண்ணில் பட்டது. திராட்சையின் சர்க்கரைதான் போதையாக மாறுகிறது. பாதியில் நிறுத்தினால் எண் சின்னதாக இருக்கும், சர்க்கரை மிச்சம் இருக்கும். நடுவில் சாராயத்தை ஊற்றி நிறுத்தினால் எண் பதினெட்டைத் தாண்டும். அதிலும் சர்க்கரை மிச்சம். இடையில் பன்னிரண்டு, பதினான்கு என்று நிற்பவை சர்க்கரையை முழுசாகத் தின்று ஏப்பம் விட்டவை. அவற்றோடு நமக்குப் பேச்சில்லை.

அதற்குப் பிறகு அவன் கோட்டையையும் குதிரையையும் பார்ப்பதில்லை. கடைக்குள் போனதும் முட்டி போட்டுக் கீழ்த்தட்டில் கையை விடுவான். தோளில் தூசி படிந்தது, லேபிள் கிழிந்தது, போன வருடச் சரக்கு என்று ஓரம் கட்டியது எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஐந்து, ஐந்தரை, ஆறு என்றால் வீட்டுக்கு வரும்.

"தம்பி, முட்டி போட்டுக் கும்பிட இங்க சாமி இல்ல" என்பாள் கடைக்கார அக்கா.

"இருக்குக்கா. கீழ்த்தட்டுல வெச்சிருக்கீங்க, உங்களுக்குத்தான் தெரியல."

குடித்து முடித்ததும் தக்கையைக் கத்தியால் வெட்டி ஒரு டப்பாவில் போடுவான். ஒரு வெட்டு என்றால் சர்க்கரைத் தண்ணீர். இரண்டு வெட்டு என்றால் விருந்தாளிக்குக் கொடுக்கலாம். மூன்று என்றால் விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் மூன்று வெட்டு வாங்கிய தக்கை நாலே நாலு. அதில் இரண்டு விஷயத்தில் மனைவிக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை.

இந்த வருடம் கூடத்துக்கு 'இடி' வந்தான். இருபத்திரண்டு வயது, தோள்கள் அலமாரி அகலம். "அண்ணே, பாத்துக்கோங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் குத்துவான். முதல் மாதமே மூட்டையின் இடது கண்ணுக்குள் ஒரு கறுப்புத் திரை ஓரத்தில் இறங்கியது. மூன்று மாதத்தில் அது பாதிவரை வந்துவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. கண் போனது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் மனைவி அந்த இஸ்திரி மெஷினை விட முடியாது. அவள் முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு வரிவரியாக இருந்தது. இந்த வருடத்தோடு நின்றுவிடப் போகிறேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இடியின் குத்து வலது புருவத்தில் விழுந்தது. அடுத்தது தாடையில். பல் ஒன்று நாக்கின் கீழே உருண்டது. மூட்டை தொடையில் இரண்டு தட்டு தட்டினான். இடி நிறுத்தவில்லை. கயிற்றோரம் தள்ளி, விலாவில் நாலு, அதே புருவத்தில் மூன்று. மூட்டை மறுபடியும் தட்டினான். கூடத்தை நடத்தும் மாஸ்டர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மூட்டை முட்டி மடங்கி, தன் ரத்தத்திலேயே கையை ஊன்றி உட்கார்ந்தான்.

"ஸாரிண்ணே, சூட்டுல கவனிக்கல" என்றான் இடி.

மறுநாள் வலது கண் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கி மூடியிருந்தது. மிச்சம் இருந்தது திரை விழுந்த இடது கண்தான். ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமைதானே. தடவித் தடவிக் கடைக்குப் போனான். கீழ்த்தட்டில் ஒரு பச்சை பாட்டிலை எடுத்து மூக்கு வரை தூக்கிப் பிடித்தான். ஐந்தரை. சந்தோஷமாக வாங்கி வந்தான்.

மனைவி ஊற்றினாள். ஊற்றியது கறுஞ்சிவப்பாக இருந்தது. அவன் ஒரே வாயில் பாதி டம்ளரை உறிஞ்சினான். அடுத்த நொடி டம்ளர் சுவரில் மோதி உடைந்தது. பல் விழுந்த குழியில் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகியது போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மேஜையைக் குத்தினான். ஒரு கால் ஒடிந்து மேஜை மண்டியிட்டது.

அவள் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். பதினைந்தரை.

"இதுல எவ்வளவு போட்டிருக்கு?" என்று அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அஞ்சரை."

"சரியாப் பாருங்க."

"அஞ்சரைதான். கண்ணில்லையா உனக்கு?"

அவள் கட்டை விரலால் பின்னால் வந்த எண்களை மறைத்தாள். முன்னால் நிற்கும் ஒன்று என்ற எண் மட்டும் வெளியே நின்றது.

"இப்ப என்ன தெரியுது?"

அவனுக்கு வெறும் லேபிள்தான் தெரிந்தது. அந்த ஒன்று திரைக்குப் பின்னால் இருந்தது. பதினேழு வருடக் குடித்தனத்தில் அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"எத்தனை மாசமா ஏமாத்திட்டிருக்க நீ?" என்றாள்.

திங்கள் மத்தியானம் கண் ஆஸ்பத்திரியில் வரச் சொன்னார்கள். காலையில் கணக்கை முடித்துக்கொண்டு வருகிறேன் என்று கூடத்துக்குப் போனான் மூட்டை. வலது கண் பாதி திறந்திருந்தது.

"போறதுன்னா போ. பையனுக்குப் பந்தயம் ஒன்பது நாள்ல இருக்கு, கடைசியா மூணு சுற்று நின்னுட்டுப் போ" என்றார் மாஸ்டர். பதினாறு வருட உப்பு. மூட்டை தலையாட்டினான். அந்தப் பக்கம் இடியின் கையுறைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே மாஸ்டர் மெதுவாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது. கண் போனவனுக்குக் காது கூர்மை என்பது அவருக்குத் தெரியாது போல.

"இடது பக்கமாவே போ. மூணு மாசமா அவனுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. போன வாரம் மாதிரி தட்டுனா கண்டுக்காத."

மணி அடித்தது. இடி இடது பக்கமாக வந்தான். முதல் குத்தை மூட்டை முழங்கையில் வாங்கினான். இரண்டாவதும் முழங்கையில். பிறகு நிதானமாக, எல்லோரும் பார்க்கும்படி, தொடையில் இரண்டு தட்டு தட்டினான்.

இடி நிற்கவில்லை. வலது தோளைத் தாழ்த்தினான். வலது கையை வீசும் முன் அவன் தோளைத் தாழ்த்துவான் என்பது, மூன்று மாதமாக அந்தக் கையை முகத்தில் வாங்கியவனுக்குத் தெரியாதா? மூட்டை ஒரு அடி உள்ளே போய் விலாவில் குத்தினான். தோலைத் தொட்டதும் கையை இழுக்கவில்லை. பதினாறு வருடமாகப் பாதி வழியில் நின்ற கை அன்றுதான் முழுத் தூரம் போனது. உள்ளே ஏதோ முறியும் சத்தம் மாஸ்டருக்கே கேட்டது. அடுத்தது அதே இடம். அதற்கடுத்தது தாடை. இடியின் பல்காப்பு ரத்தத்தோடு பறந்து தண்ணீர் வாளியில் விழுந்தது. மூட்டை நிறுத்தவில்லை. மூக்கு உடைந்தது, அது எப்படிச் சத்தம் போடும் என்று அவனுக்கு மூன்று தடவை தெரியும். இடி கயிற்றில் சரிந்தான். மூட்டை ஐந்தாவதற்குக் கையை ஓங்கினான்.

இடியின் கையுறை தன் தொடையைத் தடவித் தேடி, இரண்டு தட்டு தட்டியது.

மூட்டையின் கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"இப்படித்தான் நிறுத்தணும் தம்பி" என்றான்.

மாஸ்டர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். மூட்டை பல்லால் முடிச்சை அவிழ்த்து, கையுறைகளை வாளியில் போட்டுவிட்டு நடந்தான்.

கண்ணுக்குள் காற்றடைத்து ஆபரேஷன் செய்தார்கள். பாதிப் பார்வை மிஞ்சும், ஆனால் பத்து நாள் முகம் குப்புறவே படுக்க வேண்டும் என்றார் டாக்டர். வைன் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. மனைவி ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் என்று கணக்கை மாற்றிக்கொண்டாள். அதைப் பற்றி அவன் வாய் திறந்த இரண்டு முறையும் அவள் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அவள் தானே கடைக்குப் போய், முட்டி போட்டு, கிழிந்த லேபிளோடு ஒரு பாட்டில் எடுத்து வந்தாள். கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலை தொங்க அவன் படுத்திருந்தான். கீழே தரையில் டம்ளரை வைத்து, ஸ்ட்ரா போட்டு அவன் வாயில் கொடுத்தாள்.

"எண் என்ன?"

"குடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க."

அவன் உறிஞ்சினான். பல் விழுந்த குழி சத்தம் போடவில்லை. காய்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு தித்திப்பு மெதுவாகத் தொண்டைக்குள் இறங்கியது.

"அஞ்சரை" என்றான். "இல்ல, ஆறு."

அவள் தரையில் உட்கார்ந்து தக்கையைக் கத்தியால் வெட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"ஏய், ரெண்டு போதும்" என்றான் தரையைப் பார்த்தபடி. "விழுங்கும்போது லேசா தண்ணியா இருக்கு."

"வாங்கிட்டு வந்தது யாரு? மூணுதான்."

"ரெண்டரை போடு."

"வாயை மூடிட்டுக் குடிங்க" என்றாள். ஸ்ட்ராவை அவன் வாயில் திரும்பச் செருகினாள்.