உணரியின் மேல் ஒரு சிவப்பு மூடி

என் மேசையில் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் மூடி கிடக்கிறது. ஊறுகாய்ப் போத்தலின் மூடி. இதை நான்தான் தேர்ந்தெடுத்து மச்சானிடம் கொடுத்தேன். என் தங்கையின் கணவரான அவர் கொடிகாமத்து வீட்டின் பின் விறாந்தையில் ஒரு சிஎன்சி இயந்திரம் வைத்திருந்தார். கணினி சொல்கிறபடி மரத்தில் உருவம் செதுக்கும் சிறிய இயந்திரம். அவருக்கு அது பொழுதுபோக்கு. அதன் மூலையில் பொத்தான் போல ஓர் உணரி. வெட்டும் பிட் இறங்கி அதைத் தொட்டால்தான் பிட்டின் நீளம் இயந்திரத்துக்குத் தெரியும்.

உணரியில் மரத்தூள் படிந்தால் மச்சான் வாயால் ஊதுவார். உடுத்திருக்கும் சாரத்தின் தலைப்பால் துடைப்பார். முப்பது வருடம் அரச திணைக்களமொன்றில் அளவுக் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. தூள் படாமல் உணரியை மூடி வைக்க இந்த மூடியைக் கொடுத்ததோடு நில்லாமல், ஒன்பது படிகளில் செயன்முறை எழுதி, தட்டச்சு செய்து, உறையிட்டுச் சுவரில் ஒட்டினேன்.

"உது கோயில் பூசையை விடப் பெரிய விதியாக் கிடக்கு, மச்சான். மணி அடிக்க வேண்டாமோ?" என்று சிரித்தார். குசினிக்குள் தங்கையும் சிரித்தாள். அதன் பிறகும் அவர் தாளைப் பார்க்காமலே வேலை செய்தார். ஒரு பலகைகூடப் பழுதாகவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டேன்.

தங்கை மாரடைப்பில் போனாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவள் முகத்தைச் செதுக்கி வைக்க மச்சான் விரும்பினார். அவள் சீதனமாகக் கொண்டுவந்த அலுமாரியின் தேக்குக் கதவைக் கழற்றினார். அன்று தன் கையை நம்பாமல், முதன்முறையாக என் தாளை வரிக்கு வரி பார்த்துச் செய்தார். முதலில் முரட்டுப் பிட் ஒழுங்காக ஓடியது. நுண்ணிய பிட்டை மாற்றியதும், அது வேண்டியதைவிட ஆழமாக இறங்கிக் கண்ணையும் மூக்கையும் தோண்டி எடுத்துவிட்டது.

ஆழத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியது: முதல் பிட்டை மூடியின் மேலும், இரண்டாவதை மூடியில்லாமலும் அளந்திருக்கிறார். வித்தியாசம் மூடியின் கனம்; இயந்திரம் இரண்டாவது பிட்டை அவ்வளவுக்குக் குட்டை என்று எண்ணி ஆழமாக இறக்கியிருக்கிறது. கீரிமலைக் கடலில் கிரியை முடித்துத் திரும்பிய சொந்தக்காரர் நிறைந்த வீட்டில் நான் வாயை அடக்கவில்லை.

"மூடியை எடுத்துப்போட்டு அளக்கத் தெரியாதோ? வாசிக்கத்தானே எழுதி ஒட்டினனான்?"

"நீர் எழுதினபடிதான் செய்தனான், மச்சான்."

நையாண்டி என்று நினைத்து எழுந்து போனேன்.

மறுவருடம் மச்சான் தன் மகளிடம் கனடா போகும்போது, இயந்திரத்தை ஒரு சொல்லும் இல்லாமல் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அளவெட்டியிலுள்ள என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சுவரில் இருந்த தாளும் இந்த மூடியும் கூட வந்தன. போன கிழமைதான் தாளைப் பார்த்து இயந்திரத்தைப் பொருத்தி அமைத்தேன். பிட் மாற்றும் இடத்தில் 'மூடியை அகற்றி அளக்கவும்' என்றிருக்கிறது. முதல் பிட்டுக்கு 'அளக்கவும்' மட்டும். அங்கே மூடியை அகற்றச் சொல்லும் வரியே இல்லை. என் கை தானாக எடுத்துவிடும். எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். "பிழை என்ரை தாளிலை, மச்சான்."

"ஓம். அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா, நீர் தாளைத் திருத்தியிருப்பீர்," என்றார். "வேறென்ன செய்திருப்பீர்?"

அவரை அழைப்பதற்கு முன்பே திருத்திவிட்டிருந்தேன். இப்போது அதில் பத்துப் படிகள். மூடியை எடுத்து உணரியின் மேல் வைக்கிறேன். இத்தனை வருடத்தில் உணரியில் ஒரு கீறல்கூட விழவில்லை.